ஒரு நாளைக்கு ஒரு 'அப்புறம்'

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. "எனக்கு எதுக்குக்கா பேரு? கோர்ட்ல நான் பேசுற ஒரு வார்த்தகூட என்னோடது கெடையாது" என்று முதல் நாளே சொன்னவள். நீதிமன்றத்தில் ஜுருபாஹாசாவாக இருந்தாள். சாட்சிகள் தமிழில் சொல்வதை மலாயில் நீதிபதிக்கும், வக்கீல்கள் கேட்பதைத் தமிழில் சாட்சிக்கும் எடுத்துச் சொல்லும் வேலை. என்னைவிட வயதில் நன்றாகவே சின்னவள். ஆளும் குள்ளம். வாயில் எந்நேரமும் ஓர் இஞ்சி மிட்டாய் கிடக்கும். அவளைக் கண்டு நாங்கள் ஒரு கூட்டமே நடுங்கினோம் என்று சொன்னால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

சில வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த கையோடு, வாட்சப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. 'ஒரே மாதத்தில் ஒரு நாவல். ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸில் வகுப்பு. இதுவரை எழுதாதவர்கள் மட்டும் வரவும். எழுதத் தெரிந்தவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.' அந்தக் கடைசி வரிதான் என்னை இழுத்தது. யாரடா இது, இத்தனை திமிராக என்று நினைத்துக்கொண்டேதான் கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறினேன்.

பூக்கடை வரிசைக்கு மேலே ஒரு டியூஷன் அறை. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் பாய். பின்னால் செந்தூல்காரர் ஒருவர். வாடகைக் கார் ஓட்டுகிறார், பேய்க்கதை எழுத வந்திருந்தார். இன்னும் சிலர்.

பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "மேடம், ஒரு நாளைக்கு இத்தன சொல்லு எழுதணும்னு இன்டர்நெட்ல கணக்குப் போட்டு வெச்சிருக்காங்களே. நாம எத்தன சொல்லு?"

"சொல்ல எண்ணாதீங்க பாய். துணியா இது, அளந்து கிழிக்க? ஒரு நாளைக்கு ஒரு 'அப்புறம்'. அவ்வளவுதான் நம்ம கணக்கு."

யாருக்கும் புரியவில்லை. வெள்ளைப் பலகையில் 'அப்புறம்?' என்று பெரிதாக எழுதினாள்.

"சாட்சி கொஞ்சம் சொல்லிட்டு நின்னுடுவாங்க. வக்கீல், அதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு இங்கிலீஷ்ல கேப்பாரு. நான் தமிழ்ல கேப்பேன், 'அப்புறம்?'. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மனுஷன் பயப்படுறான். தெனமும் மத்தியானம் உங்க எல்லாருக்கும் தனித்தனியா நான் இத அனுப்புவேன். பதில் எழுதி அனுப்பணும். மாசம் முடிஞ்சா நாவல் முடிஞ்சிடும்." பிறகு விரலை நீட்டினாள். "கேள்வியா வர்ற அப்புறம் மட்டுந்தான் இங்க. 'அப்புறம் எழுதிக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்'கிற அப்புறத்த எல்லாம் கீழ பூக்கடையிலயே விட்டுட்டு வாங்க."

நான் எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாவல் எழுதி மாலை மரியாதை வாங்கவெல்லாம் இல்லை. என் மூளை கெட்டுப் போய்விட்டதா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரரைக் கிள்ளானில் பாதிப் பேருக்குத் தெரியும். வாரநாட்களில் இன்சூரன்ஸ் விற்பார். வாரக் கடைசியில் கல்யாண மண்டபங்களில் ஒலிவாங்கி பிடித்து அறிவிப்புச் செய்வார். 'அன்பு உள்ளங்களே' என்று அவர் ஆரம்பித்தால் பந்தியில் இருப்பவர்கள்கூட இலையை விட்டுத் தலையைத் தூக்குவார்கள். 'உங்க வீட்டுக்காரர் வாயில சர்க்கரைதான் போங்க' என்று சொல்லாத பெண் கிடையாது. அந்த வாய் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் வேறு வாயாகிவிடும். அடிக்க மாட்டார். சத்தம்கூடப் போட மாட்டார். குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார். அது உள்ளே போய்க் குத்தும். மறுநாள் காலை அதைப் பற்றிக் கேட்டால், "நானா? நான் எப்ப அப்படிச் சொன்னேன்? உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்.

எத்தனை காலத்துக்குத்தான் ஒருத்தி தன் காதை நம்பிக்கொண்டிருப்பாள்? ஆரம்பத்தில் சண்டை போட்டேன். அப்புறம் அழுதேன். அப்புறம், ஒருவேளை அவர் சொல்லவில்லையோ என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஜொகூரில் இருக்கும் என் அண்ணனுக்கு அவரே போன் போட்டு, "மச்சான், இவளுக்கு ஞாபகம் தப்புது, இல்லாததெல்லாம் கற்பன பண்றா" என்று சொல்லிவிட்டார். அண்ணனும் என்னைக் கூப்பிட்டு, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார். கார் ஓட்ட விடுவதை நிறுத்தினார் இவர். துறைமுகச் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் வந்து ஏற்றிக்கொள்வார். கடைசியில் அந்த வேலையையும் விடச் சொன்னார். "தப்பா எதையாச்சும் டைப் பண்ணி மாட்டிக்கப் போற. இந்த மாசக் கடைசியோட நின்னுடு." ராஜினாமாக் கடிதத்தை அவரே அடித்துக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சோறு போடும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும்.

பிரிக்பீல்ட்ஸுக்கு யோகா வகுப்புக்குப் போவதாகச் சொன்னேன். "போ போ, ஞாபக சக்திக்கு நல்லது" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் மண்டபம் இருந்ததால் பிரச்சினை இல்லை. இப்படித்தான் நாவலாசிரியை ஆனேன்.

அவளுடைய சட்டங்கள் எல்லாம் கோர்ட்டிலிருந்து வந்தவை. எழுதியதை அழிக்கக் கூடாது. "நேத்து சொன்னத இன்னைக்கு எந்தச் சாட்சியும் அழிக்க முடியாது. வேணும்னா, தப்பா சொல்லிட்டேன், இப்பிடித்தான் நடந்துச்சின்னு மேல சொல்லலாம். அதையும் எழுதிக்குவாங்க. அழிக்க மட்டும் முடியாது." பாய் பாவம், முதல் பக்கத்தையே தேய்த்துத் தேய்த்து எழுதுகிறவர். கதாநாயகிக்கு முதலில் நூர் என்று பெயர் வைத்தார், பிறகு மனசு மாறிவிட்டது. "இனிமே அவ பேரு ஜமீலான்னு ஒரு வரி எழுதிட்டு மேல போங்க பாய்" என்றாள். "எப்பிடிம்மா, புள்ளைக்குத் திடீர்னு பேரு மாறும்?" "எத்தன பேரு கோர்ட்டுக்கு வந்து பேர மாத்திட்டுப் போறாங்க, உங்க புள்ள மாத்தக் கூடாதா?" செந்தூல்காரர் மறதியில் முதல் அத்தியாயத்தில் செத்தவனை நாலாவது அத்தியாயத்தில் மோட்டாரில் வரவைத்துவிட்டார். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பேய்க்கத தானே அண்ணே. விடுங்க, ஓட்டட்டும்."

'ஏன்' எழுதக் கூடாது என்பது இன்னொரு சட்டம். "காரணம் சொல்ல ஆரம்பிச்சா சாட்சி எதையோ மறைக்கிறாருன்னு அர்த்தம். என்ன நடந்துச்சி, யாரு என்ன சொன்னாங்க, அத மட்டும் வைங்க. மத்தத ஜட்ஜு பாத்துக்குவாரு."

தினமும் மத்தியானம் அந்தச் செய்தி வந்துவிடும். அலுவலகப் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் போனுமாக எழுதி அனுப்பிவிடுவேன். ஒருநாள் கோர்ட்டில் வேலை இழுத்துவிட்டதோ என்னவோ, நான் காரில் ஏறி உட்கார்ந்த பிறகு வந்தது. மடியில் இருந்த போன் மின்னியது. சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். அவர் எட்டிப் பார்த்தார்.

"யாரு அது? 'அப்புறம்'னு கேக்குறா?"

"யோகா டீச்சர்."

"யோகாவுல என்ன அப்புறம்?"

"மூச்ச இழுத்துப் புடிச்சோமில்ல. அப்புறம் விடணும்ல" என்றேன். அவர் சிரித்தார். பச்சை விழுந்தது. வீடு வரும்வரை நான் நிஜமாகவே மூச்சை விடவில்லை.

என் நாவலின் கதை என்ன என்று கேட்காதீர்கள், பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வீடு, அதில் ஒருத்தி, அவள் புருஷன். அவளுடைய அம்மா செத்துப் போகிறாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைத்தான் வகுப்பில் அவள் வாங்கிப் படித்தாள். அதில் புருஷன், 'கண்ணே, உன் கண்ணீரைக் காணச் சகிக்கவில்லை, சற்றே உணவருந்த வா' என்று பேசுகிறான். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் பெருமை வேறு.

அவள் மிட்டாயை வாயின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளினாள். "யாருக்கா இது பேசுறது?"

"அவ புருஷன்."

"இவரு இப்பிடிப் பேசல. என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"கததானேம்மா."

"கததான். என்ன சொன்னாரு?"

மற்றவர்கள் எல்லாம் டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டிருந்தார்கள். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்றேன். "எனக்குக் கொஞ்சம் ஞாபக மறதி."

"அப்பிடின்னு யாரு சொன்னா?"

அவள் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். குரல் மாறிவிட்டது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரயில் நிலைய அறிவிப்புபோல் இருந்தது.

"எங்க நின்னீங்க?"

"ரூம்ல. கட்டில் பக்கத்துல."

"கையில என்ன?"

"அம்மாவோட மூக்குக் கண்ணாடி."

"அவரு எங்க?"

"சாப்பாட்டு மேசையில. கதவு தொறந்திருந்துச்சி."

"அப்புறம்?"

அப்புறம் அது வந்தது. பல்லுக்கு நடுவில் மாட்டிய நார் வருவதுபோல் வந்தது. "அழுது முடிச்சிட்டுக் கூப்பிடு. சோறு ஆறிப் போச்சு."

தட்டில் கரண்டி பட்ட சத்தம், அவர் அப்போது டிவியில் சத்தத்தைக் குறைத்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மறுநாள் காலை, "நான் அப்படிச் சொல்வனா? துக்கத்துல உனக்குக் காது அடைச்சிருக்கு" என்று அவர் சொன்னதும் வந்தது. அதை நம்பி, எறும்பு எதாவது போயிருக்குமோ என்று காதுக்கு எண்ணெய் விட்டுக்கொண்ட மடச்சி நான்.

ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்வாள் என்று பார்த்தேன். ம்ஹூம். "இத எழுதுங்க. ஒரு எழுத்து கூட்டாதீங்க, ஒரு எழுத்து கொறைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே டீ குடிக்கப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து, கல்நெஞ்சுக்காரி, இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று திட்டிக்கொண்டே அதை எழுதினேன். எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. அண்ணன் விஷயத்தில் அவர் சொன்னது, பிள்ளை தங்காதபோது சொன்னது, என் சம்பளத்தைப் பற்றிச் சொன்னது. ஒவ்வொரு நாளும் ஒன்று. எங்கே நின்றேன், கையில் என்ன இருந்தது என்று என்னையே கேட்டுக்கொள்வேன். உடனே குரல் கேட்கும். என் ஞாபகம் தப்பவே இல்லை என்று தெரியத் தெரிய எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமானது. பைத்தியமாக இருந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கலாம். இல்லை என்றால் நான் என்ன செய்வது?

அவளுடைய கல்நெஞ்சுக்குக் காரணம் அதற்கடுத்த வாரம் தெரிந்தது. செந்தூல்காரர்தான் கேட்டார்: "மேடம், இந்தப் பேயெல்லாம் சேந்து வூட்ட நெறச்சிருச்சி. கதைய எப்பிடி முடிக்கிறது லா?"

"யாராவது ஒருத்தர வாசக்கதவுகிட்ட கொண்டுபோய் நிறுத்துங்க. என்ன சொல்லிட்டுப் போறாங்கன்னு கேளுங்க. வரேன்னு சொல்றாங்களா, போறேன்னு சொல்றாங்களா. அதுதான் முடிவு."

"யாரும் போறேன்னு சொல்ல மாட்டாங்களேம்மா" என்றார் பாய். "அபசகுனமில்ல? போயிட்டு வரேன்னுதானே சொல்லுவோம்."

அவள் காகிதக் கோப்பையின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

வேலையில் சேர்ந்த புதிது. பிளாட் வீடு ஒன்றில் இரண்டு குடும்பத்துக்கும் வாய்த்தகராறு. ஒரு பெரியவர் மேல் வழக்கு. பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொன்னார், 'சத்தம் போட்டுட்டு, சரி, நான் வரேன்னு சொல்லிட்டுப் போனாரு'. அவள் அதை அப்படியே மலாயில் சொன்னாள்: 'சாயா அகான் டாதாங்'. நான் வருவேன். எதிர் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வருவேன் என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார், வெளியே விடக் கூடாது என்றார். பெரியவரை உள்ளே வைத்துவிட்டார்கள். அவள் வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் வந்திருந்த பக்கத்து வீட்டு ஆன்டி, 'சரிம்மா, வரேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்போதுதான் இவளுக்குத் தலையில் இடி விழுந்தது.

"தமிழச்சிதானே நான். தெனமும் நானே சொல்ற வார்த்ததான். கூண்டுக்குள்ள போனதும் அது எனக்கு மலாயாத் தெரிஞ்சிருச்சி."

மறுநாள் போய் நீதிபதியிடம் சொல்லித் திருத்தினாளாம். பெரியவரை விட்டுவிட்டார்கள். தாழ்வாரத்தில் அவர் இவளைத் தாண்டிப் போனார். என்ன நடந்தது, யாரால் நடந்தது என்று அவருக்குத் தெரியாது. நம்ம பிள்ளை ஒன்று நிற்கிறதே என்று சிரித்துவிட்டு, 'வரேம்மா' என்று சொல்லிக்கொண்டு போனார்.

"அதுலேர்ந்துதான்" என்றாள். "யாரு மேலயும் எரக்கப்படுறதில்ல. அவங்க என்ன சொல்றாங்கன்னு மட்டும் கேக்குறேன். எரக்கப்பட நேரம் எடுத்தா காது போயிடுது."

பாய் தன் சொந்தக் காசில் அவளுக்கு இன்னொரு டீ வாங்கிக்கொண்டு வந்தார். அதைக் குடிக்காமலே வகுப்பைத் தொடர்ந்தாள்.

கடைசி வாரம் என் கதாநாயகி வாசற்கதவுக்கு வந்துவிட்டாள். வந்தவள் நகரவில்லை. மத்தியானம் 'அப்புறம்?' என்று வரும். 'கதவுகிட்ட நிக்கிறா' என்று அனுப்புவேன். மறுநாள் 'அப்புறம்?' 'இன்னும் நிக்கிறா.' 'கையில என்ன?' 'கைப்பை.' 'அப்புறம்?' எனக்கு எரிச்சலாக இருக்கும். உனக்கென்னடி, நீ கேட்டுவிட்டுப் போய்விடுவாய், கதவைத் திறந்தால் அவள் எங்கே போவாள்? வீட்டில் இவர் பேனாவைக் கொண்டுவந்து கடிதத்துக்கு மேல் வைத்துவிட்டார். "ஞாயித்துக்கெழம கடைசி நாளு. மறந்துடாத. உனக்குத்தான் மறக்குமே."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். மண்டபம் ரத்தாகிவிட்டதாம். கையில் என் போன். கடைசி நாள் என்று அவள் செய்தி காலையிலேயே வந்திருக்கிறது. விளக்கு மின்னியதும் எடுத்திருக்கிறார்.

"யோகா" என்றார்.

அவர் மெதுவாக விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். பிறகு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார், கல்யாண மண்டபக் குரலில், ஏற்ற இறக்கத்தோடு. "கேட்டீர்களா அன்பு உள்ளங்களே, நம்ம வீட்டு எழுத்தாளர் என்ன எழுதியிருக்காங்க." நான் எழுதியதைக் கேலி செய்வதற்காகவே படித்தவர், அம்மா செத்த பக்கத்துக்கு வந்தார். "அழுது முடிச்சிட்டுக் கூப்பிடு" வரை அதே குரலில் வந்தது. "சோறு ஆறிப் போச்சு" என்னும்போது குரல் கீழே இறங்கிவிட்டது. வீட்டுக்குள் பேசும் குரல். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். இப்போது வாய்விட்டுப் படிக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

மேசையில் ஓங்கி அடித்தார். "நான் சொன்னத எல்லாம் அப்படியே எழுதி வெச்சிருக்கியா நீ?"



அவருக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் நெற்றியில் கை வைத்துப் பார்த்த மனிதர், தானாக, யாரும் கேட்காமல் சொல்லிவிட்டார். நான் சொன்னதை. எல்லாம். அப்படியே. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது.

"நீங்க சொன்னதுதானா அது?" என்றேன்.

"நான் எப்ப... நான் எப்பச் சொன்னேன்? கண்டதையும் எழுதிட்டு..."

"இப்ப. இப்பதான் சொன்னீங்க. நீங்க உக்காந்திருக்கீங்க. உங்க கையில என் போன். நான் இங்க நிக்கிறேன், கையில துண்டு."

அவர் கண்ணை என்னிடமிருந்து எடுக்காமலே போனை அழுத்தினார், இன்னும் அழுத்தினார். "இந்தா, அழிச்சிட்டேன். முடிஞ்சுதா உன் நாவலு?" என்று மேசையில் தூக்கிப் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு துண்டாக அது எப்போதோ பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விட்டதே. அழிக்க மட்டும் முடியாது.

துண்டை நாற்காலியில் போட்டேன். போனை எடுத்தேன். கைப்பையில் அடையாள அட்டையும் வங்கி அட்டையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அறைக்குள் போய் அம்மாவின் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். அவர் எழுந்து வந்து கதவுக்கும் எனக்கும் நடுவில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தள்ளிவிடும் தெம்பு எனக்கு இல்லை. அவர் தோளுக்குப் பக்கமாகக் கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். கதவு திறந்தது. எதிர் வீட்டு ஆன்டி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவ்வளவுதான், அவர் வழியை விட்டுவிட்டார். முகத்தில் சர்க்கரை வந்து உட்கார்ந்தது. "எங்கம்மா கெளம்பிட்ட? சொல்லிட்டுப் போம்மா" என்றார், ஆன்டிக்குக் கேட்க.

வாய் பழக்கம் பொல்லாதது. 'வரேன்' நாக்கின் நுனிக்கு வந்தேவிட்டது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"போறேன்."

ஆன்டியின் கையில் குழாய் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தது. இந்த வார்த்தையை அவரும் கேட்டுவிட்டார்.

ரயில் நிலையத்துக்கு நடந்தேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் கார் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் கதவு மூடும்வரை நடைமேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனைத் திறந்தால், அவர் அழித்த பிறகு அவளிடமிருந்து மறுபடியும் ஒன்று வந்திருந்தது. 'அப்புறம்?'

'போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டா' என்று அடித்தேன்.

'அப்படியேவா?'

'அப்படியே.'

ஷா ஆலம் வந்தது, போனது. பிறகு அவளிடமிருந்து ஒரு வரி: 'சரிக்கா. நான் வரேன்.'

படித்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மாதம் முடிந்தது, நாவல் முடிந்தது, வகுப்பைக் கலைத்துவிடுவேன் என்று முதலிலேயே சொன்னவள்தான். கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தாள், கிளம்பிவிட்டாள். எழுதினது கதை என்றுதானே அவளும் நினைத்திருப்பாள். இருந்தாலும் இப்படியா, இவ்வளவு சுருக்கமாகவா என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. வகுப்புக்குப் போனாலும், அது முடிந்த பிறகு யாரிடம் போவது என்று ஒன்றும் தெரியவில்லை. பெட்டாலிங் ஜெயா நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. நான் அம்மாவின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸுக்கு இறங்கும் சென்ட்ரல் நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக மேலே ஏறினேன். அட்டையைத் தட்டிவிட்டு வெளியே வரும் தடுப்புக்கு அந்தப் பக்கம், குள்ளமாக ஓர் ஆள், மூச்சிரைக்க நின்றிருந்தாள். பூக்கடை வரிசையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். ஒரு கால் செருப்பில் ரோஜா இதழ் ஒட்டியிருந்தது.

"வகுப்பு?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"பாய் பாத்துக்குவாரு. சாப்டீங்களாக்கா?"

வரேன் என்று அவள் எழுதியதை நான்தான் தப்பாக மொழிபெயர்த்துவிட்டிருந்தேன்.